அரிப்பு நின்றால் படர்தாமரை போய்விட்டதா?



மழைக் காலத்தில் லயத்தில் துணிமணி சரியாகக் காய்வதில்லை. ஈர உடுப்போடு இருக்கும் பிள்ளைகளுக்கு இடுப்பு, கழுத்து, தொடை இடுக்கில் படர்தாமரை சுலபமாக வரும். வட்டமாகத் தடித்து, ஓரம் சிவந்து, நடுப்பகுதி தெளிந்தமாதிரி இருக்கும். அரிப்பும் உண்டு. இது உடம்புச் சூட்டால் வருவதல்ல. பங்கசு என்ற கிருமியால் வருவது. பழைய பாணில் பூஞ்சணம் பிடிக்கிறதே, அதுவும் இந்த இனந்தான்.

"அரிப்புக்கு ஒரு கிறீம் தாங்க" என்று கடையில் வாங்கிப் பூசுகிறோம். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். ஆனால் அதில் பெட்டமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்து மட்டும் இருந்தால், அது அரிப்பை அடக்குமே தவிர பங்கசைக் கொல்லாது. பூசுவதை நிறுத்தியதும் முன்னையைவிடப் பெரிதாகப் படரும். நெடுநாள் பூசினால் பிள்ளையின் தோல் மெலிந்துபோகும். பூண்டு அரைத்துக் கட்டினாலும் தோல் வெந்து புண்ணாகும்.

செய்ய வேண்டியவை:

1. தோட்ட டிஸ்பென்சரியில் அல்லது அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

2. குளோட்ரிமசோல் போன்ற பங்கசுக் கிறீம் தந்தால், அந்த இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காலையும் மாலையும் பூசுங்கள். வட்டத்துக்கு வெளியேயும் ஒரு விரல் அகலம் பூச வேண்டும்.

3. "நல்லாயிருச்சே, இனி என்னத்துக்கு மருந்து?" என்று விடாதீர்கள். சாதாரணமாக 2 முதல் 4 வாரம் பூச வேண்டிவரும். சொன்ன நாள்வரை பூசுங்கள்.

4. துவாய், சீப்பு, தொப்பி ஆளுக்கு ஒன்று வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் ஒன்றாகவே மருந்து செய்யுங்கள். முடி கொட்டிய பூனைக்குட்டி, நாய்க்குட்டியிடமிருந்தும் தொற்றும்.

தலையில் வந்தால் கிறீம் மட்டும் போதாது. கிருமி முடிக்குள்ளேயே இருப்பதால் வாயால் கொடுக்கும் மருந்து வேண்டும். கிரிசியோபுல்வின் தந்தால் சாப்பாட்டோடு அல்லது பாலோடு கொடுங்கள். 6 வாரத்துக்கு மேலும் ஆகலாம். தலையில் வீங்கிச் சீழ் வைத்தால் உடனே கொண்டுபோங்கள். தாமதித்தால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம்.

மருந்து தொடங்கிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டாம். ஒரு நாள் பேரை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது கஷ்டந்தான். ஆனாலும் மாதக்கணக்கில் கிறீமுக்குச் செலவழிப்பதைவிட அந்த ஒரு நாள் பெரிதல்ல.