ஓட்டுப் போடாதவர்கள் கணக்கில் நானும்

2008 நவம்பரில் ஒரு ப்ராஜெக்டுக்காக நியூஜெர்சியில் இருந்தேன். ஒபாமா ஜெயித்த தேர்தல். மறுநாள் ஆபிஸில் ஒருத்தர், "இவ்வளவு பரபரப்புலயும் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ஓட்டுப் போட்டிருக்காங்க" என்று அலுத்துக்கொண்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, அவர் சொன்ன கணக்கில் ஓட்டுப் போடாதவனாக நானும் இருந்திருக்கேன். என் கையில் இருந்ததோ ஹெச்1பி விசா!

சதவீதம் இடித்தால் எங்க வேலையில் முதலில் பார்ப்பது வகுக்கும் எண்ணைத்தான். அங்கே ரொம்ப காலமாக, பதிவான ஓட்டை 18 வயதுக்கு மேற்பட்ட மொத்த மக்கள்தொகையால் வகுத்தார்கள். அதில் விசாக்காரர், கிரீன் கார்டுக்காரர், சிறையில் இருப்பவர் எல்லாரும் அடக்கம். வெளிநாட்டில் இருந்து ஓட்டுப் போடும் அமெரிக்கர்கள் மட்டும் இல்லை.

வயது வந்தவர்களில் குடியுரிமை இல்லாதவர்கள் 1972-ல் சுமார் 2%தான். 2000-க்குப் பிறகு அது 8%-ஐத் தாண்டியது. சிறைக் கைதிகளும் பல மடங்கு கூடினார்கள். வகுக்கும் எண் வீங்கினால் சதவீதம் தானாக இறங்கும். அதைப் பார்த்துத்தான் "அமெரிக்கர்களுக்குத் தேர்தலே அலுத்துவிட்டது" என்று எழுதித் தள்ளினார்கள். மைக்கேல் மெக்டொனால்டு, சாமுவேல் பாப்கின் இருவரும் 2001-ல் ஓட்டுரிமை உள்ளவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள். 1972-க்குப் பிறகு தொடர் சரிவு என்று ஒன்று இல்லவே இல்லை, ஏற்ற இறக்கம்தான்.

2020-ஐயே எடுத்துக்குங்க. பழைய முறையில் சுமார் 62%, புதிய முறையில் சுமார் 66%. இரண்டிலும் ஓட்டு எண்ணிக்கை ஒன்றேதான்.

அப்போ புதிய முறைதான் சரியா? வாக்காளர்களின் ஆர்வத்தை அளக்க அதுதான் சரி. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கு. மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் சிறையில் இருந்தே ஓட்டுப் போடலாம். ஃப்ளோரிடாவிலோ பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், தண்டனை முடிந்த பிறகும் ஓட்டுரிமை இல்லாமல் இருந்தார்கள். 2018-ல் மக்களே வாக்களித்து, கொலை, பாலியல் குற்றவாளிகள் தவிர மற்றவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே, அபராதமும் கோர்ட் கட்டணமும் கட்டி முடித்தால்தான் உரிமை என்று சட்டம் வந்தது.

கட்ட முடியாதவர் ஓட்டுரிமை உள்ளவர்கள் கணக்கில் வரமாட்டார். அவரைத் தடுத்ததால் சதவீதம் குறையாது, பார்க்க நன்றாகவே இருக்கும். நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன், என்னை அந்தக் கணக்கிலிருந்து எடுத்தது நியாயம். அவருக்கு அதுதான் சொந்த ஊர். அதனால் இப்போ தேர்தல் சதவீதம் எதைப் பார்த்தாலும், எத்தனை பேர் போட்டாங்க என்பதோடு, யாரையெல்லாம் எண்ணாமல் விட்டாங்க என்றும் தேடிப் பார்க்கிறேன்.