உங்களுக்குத் தெரியுமா? புகார் அலுவலர் உங்கள் நிறுவனத்திலும் இருக்க வேண்டும்!

● சப்-இன்ஸ்பெக்டர் தேர்வு விண்ணப்பத்தில் ஆண், பெண் என இரண்டே கட்டங்கள் இருந்ததால், சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் சென்று போராடினார். 2017இல் தருமபுரியில் சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றார்.

● 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் திருநரிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது.

● இதே சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, இத்தகைய புகார்களைக் கையாள ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

● திருநரை உடலாலோ சொல்லாலோ துன்புறுத்தினால், 18ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

உங்கள் அலுவலகத்தில் அந்தப் புகார் அலுவலர் யார்? இன்றே கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.