மம்பள்ளி வீட்டு கேக்

கேரளத்தின் வட பகுதியில், கண்ணூருக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் அரபிக்கடலை ஒட்டி அமைந்த சிறு நகரம் தலச்சேரி. மிளகு வாங்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனி 1708-இல் இங்கே கோட்டை கட்டியது. கிரிக்கெட், சர்க்கஸ், கேக் ஆகிய மூன்றும் இந்த ஊரின் பெருமை என்று மலையாளிகள் சொல்வார்கள். அவற்றில் கேக்கின் பெருமை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

அந்தக் குடும்பம் மம்பள்ளி. பர்மாவில் பிஸ்கட் செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பிய மம்பள்ளி பாப்பு, 1880-இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபாக்டரியைத் தொடங்கினார். பிஸ்கட், ரஸ்க், ரொட்டி, பன் என்று பல வகை தயாராயின. பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர்களும் தோட்டத் துரைமார்களும் வாழ்ந்த ஊர் என்பதால் வாங்க ஆள் இருந்தது. உள்ளூர்க்காரர்களைப் பழக்குவதுதான் கடினம். தென்னிந்தியாவின் பல ஊர்களில் ரொட்டி வீட்டுக்குள் நுழைந்ததே காய்ச்சல்காரர்களின் பத்தியமாகத்தான்.

ரொட்டி மாவு உப்ப ஈஸ்ட் வேண்டும். அது கடையில் கிடைக்காத காலத்தில் பாப்பு தென்னங்கள்ளைப் பயன்படுத்தினார் என்பார்கள். மரத்திலிருந்து இறக்கிய சில மணி நேரத்திலேயே கள் நுரைக்கத் தொடங்கும். காற்றில் கலந்திருக்கும் ஈஸ்ட் அதன் இனிப்பைத் தின்று பெருகுவதே காரணம். ஆப்ப மாவைக் கள் ஊற்றிப் புளிக்க வைக்கும் வழக்கம் மலையாள நாட்டுச் சமையலறைகளுக்குப் பழையது. ஆப்பத்துக்கு உதவிய அதே கள் ரொட்டிக்கும் உதவியது.

கேக் வந்தது 1883-இல். தலச்சேரிக்கு அருகே அஞ்சரக்கண்டியில் பிரவுன் என்ற பிரிட்டிஷ் குடும்பத்துக்குப் பெரிய பட்டைத் தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்துத் துரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக் ஒன்றை பாப்புவிடம் கொடுத்து, கிறிஸ்துமஸுக்கு இதேபோல் செய்து தர முடியுமா என்று கேட்டார் என்பது குடும்பத்தில் வழங்கிவரும் வரலாறு. கேக் அச்சு தர்மடத்துக் கொல்லர் பட்டறையில் உருவானது. ஏலமும் கிராம்பும் பட்டையும் மலபாரிலேயே விளைபவை. பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த மாஹி பக்கத்திலேயே இருந்ததால், அங்கிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படி துரை சொன்னாராம். பாப்பு முந்திரிப்பழமும் கதலியும் சேர்த்து வடித்த நாட்டுச் சரக்கைச் சேர்த்தார். சாப்பிட்டுப் பார்த்த துரை இன்னும் ஒரு டஜன் கேட்டார்.

இதை 'இந்தியாவின் முதல் கேக்' என்பவர்கள் உண்டு. அந்தப் பட்டத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. கல்கத்தாவில் டேவிட் வில்சன் 1840-களிலேயே பேக்கரியும் ஓட்டலும் நடத்தினார்; அதற்கும் முன்பே போர்ச்சுகீசியர் கோவாவில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். மலபார் முஸ்லிம் வீடுகளில் முட்டை மஞ்சள்கருவைச் சர்க்கரைப் பாகில் நூலாக இழுத்து முட்டமாலை செய்வார்கள். முட்டையும் சர்க்கரையும் இந்தக் கடற்கரைக்குப் புதியவை அல்ல. பாப்புவின் உண்மையான சாதனை வேறு. சீமைப் பண்டம் ஒன்றை ருசி பார்த்து, கையில் கிடைத்த பொருளைக்கொண்டே செய்து, ஊரார் வாங்கும் தொழிலாக அதை நிலைநிறுத்தினார். முதலிடத்தைவிட இதுவே பெரிது.

பிளம் கேக்கில் பிளம் பழம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்திராட்சையையும் அந்தப் பெயரால் குறித்தார்கள். உலர்திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி ரம்மிலோ பிராந்தியிலோ வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். பழம் மெதுவாகிறது, மணம் ஏறுகிறது, கேக் பல நாள் கெடாமலும் இருக்கிறது. கேரளத்து கேக்கின் கருநிறம் கருக்கிய சர்க்கரையிலிருந்து வருவது. அடிகனமான பாத்திரத்தில் சர்க்கரை மட்டும் உருகும். பொன்னிறம் செம்பழுப்பாகி, விளிம்பில் புகை எழும். அந்தக் கணத்தில் வெந்நீர் ஊற்ற வேண்டும். பாகு சீறிப் பொங்கி அடங்கும். அரை நிமிடம் முந்தினால் கேக் வெளுக்கும், பிந்தினால் கசக்கும். இதைக் கடிகாரம் பார்த்துச் செய்ய முடியாது. கண்ணும் மூக்கும் பழகியவர் பக்கத்தில் நின்று கற்க வேண்டும். பேக்கரித் தொழில் குடும்பத்துக்குள் கைமாறி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மம்பள்ளி குடும்பத்தில் அந்தக் கைமாற்றம் தந்தையிடமிருந்து மகனுக்கு நடக்கவில்லை. சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் வடமலபாரின் மருமக்கத்தாய முறைப்படி பாப்புவின் தொழில் மருமகன் கோபாலுக்குப் போனது. அவருடைய பிள்ளைகளும் அவர்கள் வழி வந்தவர்களும் கேரளம் முழுதும் கடை திறந்தார்கள். திருவனந்தபுரத்தில் சாந்தா பேக்கரி, எர்ணாகுளத்தில் கொச்சின் பேக்கரி, கோட்டயத்தில் பெஸ்ட் பேக்கரி, கோழிக்கோட்டில் மாடர்ன் பேக்கரி எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவை. ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டதால், பல ஊர்க்காரர்களுக்குத் தாங்கள் வாங்குவது தலச்சேரிக் கைப்பக்குவம் என்பதே தெரியாது.

மூல ஊரில் மம்பள்ளி பெயரில் பேக்கரி இன்றும் நடக்கிறது. குடும்பத்தின் நான்காம் தலைமுறை அதைக் கவனித்துக்கொள்கிறது. டிசம்பரில் கூட்டம் நெரியும். நின்று பார்த்து, நாலு வார்த்தை பேசி வாங்க விரும்புகிறவர்கள் வேறு மாதத்தில் போவது நல்லது. சென்னை - மங்களூரு மெயில் தலச்சேரியில் நிற்கும்.