விசில் ஊதியவரும் வெளியேறியவர்களும்

திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனியில் மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். படிக்க வரும் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். எல்லோரும் அரசுப் பள்ளி மாணவர்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சென்னைப் பக்கம் உள்ள ஒரு தீம் பார்க்குக்குப் போக வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. வாரத்துக்குப் பத்தும் இருபதுமாகச் சேர்த்தார்கள். நூறு நாள் வேலைக் கூலியில் தாய்மார்கள் மிச்சம் பிடித்துக் கொடுத்தார்கள். குறைந்த பணத்தை நாங்கள் போட்டு, இரண்டு வேன் பிடித்து, விடியற்காலையில் புறப்பட்டோம்.

முதல் தகராறு வாசலிலேயே வந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் எலுமிச்சைச் சோற்றையும் பையைத் திறந்து பார்த்து வெளியே எடுத்து வைத்தார்கள். ‘வெளிச் சாப்பாடு கூடாது’ என்றார் காவலர். அது அங்குள்ள விதி, பலகையிலும் எழுதியிருக்கிறது. சரி என்று ஒத்துக்கொண்டோம். ஆனால் எங்களுக்குப் பின்னால் காரில் வந்திறங்கிய குடும்பம் பெரிய பெரிய டப்பாக்களுடன் உள்ளே போனது. அந்தப் பைகளை யாரும் திறக்கவில்லை. பிள்ளைகளும் இதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

மதியம் அலைக்குளத்தில் இறங்கினோம். கடலைப் பார்த்திராத பிள்ளைகள் எங்களில் பலர். அலை வரும்போதெல்லாம் கத்திக் குதித்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கரையில் நின்ற ஒரு பெண்மணி லைஃப் கார்டைக் கூப்பிட்டு, ‘இவங்களையெல்லாம் எப்படி உள்ள விட்டீங்க? தண்ணியே கலங்கிப் போச்சு’ என்றார். அவருடன் வந்தவர் எங்கள் பையன் ஒருவனிடம், ‘எந்த ஊருடா? ஊர்லயா, காலனியா?’ என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை.

அந்த லைஃப் கார்டுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஒரு கணம் எங்களைப் பார்த்தார், ஒரு கணம் அவர்களைப் பார்த்தார். பிறகு விசில் ஊதினார். ‘ஸ்கூல் பசங்க எல்லாம் மேல வாங்க. உங்க டைம் முடிஞ்சிடுச்சு’ என்றார். முப்பத்திரண்டு பேரும் ஈரத்துடன் கரையேறினார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் மட்டும் அவர் அருகில் போய், ‘அண்ணா, டைம்னு எங்க எழுதியிருக்கு?’ என்று கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தண்ணீர் நமக்குப் புதிய கதை அல்ல. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் சௌதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்கும் முன்பு 1924இல், பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவை எல்லா வகுப்பாருக்கும் பொது என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார் இரட்டைமலை சீனிவாசன். நூறு ஆண்டுகள் கழித்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கிய குளத்திலிருந்து நம் பிள்ளைகள் கரையேற்றப்பட்டார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில்

மாலையில் வேன் ஏறும்போது அந்த லைஃப் கார்டு எங்களைத் தேடி வந்தார். வேலை முடிந்து சொந்தச் சட்டையில் இருந்தார். ‘நீங்க எந்த ஊருங்க சார்?’ என்று கேட்டார். மதியம் வேறொருவர் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இவர் கேட்ட விதம் வேறு. சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். ‘நானும் இங்க பக்கத்துல காலனிதான் சார்’ என்றார்.

அவர் பேசப் பேச நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். காண்ட்ராக்ட் ஆள் மூலம் வேலைக்குச் சேர்ந்தவர். காலை முதல் மாலை வரை வெயிலில் நிற்கிற வேலை. குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்க வருபவரைத் தடுத்தால் ‘நான் யாருன்னு தெரியுமா?’ என்று சட்டையைப் பிடிப்பார்கள். வரிசையில் வரச் சொன்னால் ‘உன் மேனேஜரைக் கூப்பிடு’ என்பார்கள். போன மாதம் ஒருவர், இவர் ஊர்ப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அத்தனை பேர் முன்னிலையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறார். சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு, ‘கஸ்டமரை அனுசரிச்சுப் போ’ என்று பதில் வந்ததாம்.

‘அந்தம்மா கம்ப்ளைண்ட் பண்ணா எனக்கு ஒரு நாள் சம்பளம் போயிடும் சார். உங்க பசங்க கம்ப்ளைண்ட் பண்ண மாட்டாங்கன்னு தெரியும்.’

இதைச் சொல்லும்போது அவர் தலை குனிந்திருந்தது. அவர்மீது இருந்த கோபம் எங்களுக்கு அப்போது போய்விட்டது. ஆனால் அந்த வார்த்தை போகவில்லை. புகார் செய்யக் கூடியவருக்கு மரியாதை, செய்யாதவருக்கு விசில். அந்த இடம் இப்படித்தான் நடக்கிறது. கேட்கிற வாய்க்குப் பயந்து, கேட்காத வாயைக் கரையேற்றச் சொல்கிற நிர்வாகம் குளிர்சாதன அறையில் இருக்கிறது. வெயிலில் நின்று முகத்தைக் காட்ட வேண்டியவர், கரையேறியவர்களின் தெருவிலிருந்தே வந்த பையன்.

2023 மார்ச் 30 அன்று சென்னையில் ஒரு திரையரங்கில் நடந்ததைப் பலர் செல்போனில் பார்த்திருப்பீர்கள். கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். குழந்தைகள் பார்க்கக் கூடாத சான்றிதழ் கொண்ட படம் என்று பிறகு காரணம் சொல்லப்பட்டது. குழந்தைகளுடன் பெரியவர்கள் இருந்தார்கள். வீடியோ பரவிய பிறகு உள்ளே அனுமதித்தார்கள். வழக்கு பாய்ந்தது வாசலில் நின்ற ஊழியர்கள்மீது. தடுத்தது தவறு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாசலில் நிற்பவருக்கு யாரை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியையும் நாம் விடக் கூடாது.

வருகிறவருக்கு உள்ள உரிமை

மாணவர்கள் இதை நோட்டில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கடை, உணவகம், தங்கும் விடுதி, பொதுப் பொழுதுபோக்கு இடம் ஆகியவற்றில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தனியார் இடம் என்பதால் இது செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடையும் விடுதியும் பெரும்பாலும் தனியாருடையவைதானே.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம், பொழுதுபோக்கு இடத்துக்குள் நுழைவதைத் தடுப்பதையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை.

உடையைக் காட்டித் தடுப்பதும் உண்டு. வேட்டி கட்டியவரை மன்றங்களில் உள்ளே விடாத வழக்கத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2014இல் தனிச் சட்டமே போட்டது. பிற மாநிலங்களில் நிலைமை மாறிவிடவில்லை. 2024 ஜூலையில் பெங்களூருவில், மகனுடன் படம் பார்க்க வந்த முதிய விவசாயி வேட்டி கட்டியிருந்தார் என்று ஒரு வணிக வளாகத்தில் தடுக்கப்பட்டார்.

அதற்காக எல்லா விதியையும் சாதி என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர்ச் சறுக்குகளில் நைலான் உடை கேட்கிறார்கள். புடவையும் லுங்கியும் சறுக்கில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. உயரம் குறைந்த பிள்ளையை ராட்டினத்தில் ஏற்ற மறுப்பதும் நல்லதற்கே. லைஃப் கார்டு விசில் ஊதினால் முதலில் கரையேறிவிட வேண்டும், கேள்வியைக் கரையில் நின்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி மூன்று. இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது? எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கிறதா? காரணம் என்ன? எங்கள் எட்டாம் வகுப்புப் பெண் முதல் கேள்வியை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கேட்டுவிட்டாள்.

வேலை செய்கிறவருக்கு உள்ள உரிமை

டிக்கெட் வாங்கியவருக்குத் திட்டுகிற உரிமை சேர்ந்து வருவதில்லை. மேலே சொன்ன வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நம் வீட்டிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் காவல். வீட்டு வாசலில் நின்ற காருக்கு அருகே நின்றிருந்தவரைச் சாதி சொல்லித் திட்டிய வழக்கில், வாசல் என்பது பொதுமக்கள் பார்வையில் படும் இடமே என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது. நூற்றுக்கணக்கானோர் நிற்கும் குளக்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. திட்டும்போது அருகில் இருந்தவர்கள் யார் என்று குறித்து வைத்துக்கொள்வது வழக்குக்கு உதவும்.

‘ஒரு நாள் சம்பளம் போயிடும்’ என்றாரே, அதற்கும் சட்டத்தில் எல்லை உண்டு. விளக்கம் கேட்காமல் அபராதம் பிடிக்கக் கூடாது. பிடித்தாலும் ஒரு மாதத்தில் மொத்த அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் சம்பளமே அந்த அளவைத் தாண்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உட்காரும் உரிமையும் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் சொல்லும் நிறுவனங்களில் பொதுப் பொழுதுபோக்கு இடங்களும் அடக்கம். காண்ட்ராக்ட்காரர் கூலி கொடுக்காமல் போனால், வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

நம் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை

அன்று எங்கள் பையன் ஒருவன் சிப்ஸ் பாக்கெட்டைத் தரையில் போட்டான். கழிப்பறைப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, ‘தொட்டியில போடு கண்ணு’ என்றார். ‘அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க’ என்றான் அவன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் குனிந்து எடுத்தார். அவன் பாட்டியும் பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர்தான். காசு கொடுத்து உள்ளே வந்த அரை நாளில் அவனுக்கும் அந்த மிதப்பு வந்துவிட்டது. கூட இருந்த பிள்ளைகளே அவனைக் கூட்டிப் போய் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். மரியாதை கேட்கிறவர்கள் அதைக் கொடுக்கவும் பழக வேண்டும்.

ஒரு நோட்டுத் தாள்

லைஃப் கார்டுடன் பேசி முடித்த பிறகு நாங்கள் வேனில் ஏறவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்ப் புகார்ப் புத்தகம் கேட்டோம். இல்லை என்றார்கள். எட்டாம் வகுப்புப் பெண் தன் நோட்டிலிருந்து தாள் கிழித்து இரண்டு பிரதி எழுதினாள். தேதி, நேரம், டிக்கெட் எண்கள், நடந்தது, எங்கள் கேள்விகள். விசில் ஊதியவர் யார் என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். ‘அவர் பேர் எங்களுக்கு வேண்டாம் சார். நேரம் முடிஞ்சதுன்னு சொல்லச் சொன்ன விதி எதுன்னு மட்டும் எழுதிக் கொடுங்க’ என்றாள். அரை மணி நேரம் காக்க வைத்து, ஒரு பிரதியில் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள்.

இப்படிச் செய்வது யாருக்கும் கடினமில்லை. டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டிக்கெட் வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சாதி இழிவு என்றால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிய வேண்டும். பதிவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். வன்கொடுமை உதவி எண் 14566. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, அதற்கான எண் 15100.

பத்து நாள் கழித்து அந்தப் பார்க்கிலிருந்து போன் வந்தது. முப்பத்திரண்டு பேருக்கும் இலவச டிக்கெட் தருகிறோம் என்றார்கள். பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கேட்டோம். சின்னப் பிள்ளைகள் சிலருக்குப் போக ஆசைதான். பேசிப் பேசிக் கடைசியில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் எழுத்தில் வரட்டும், டிக்கெட்டைப் பிறகு பார்க்கலாம்.

பதில் இன்னும் வரவில்லை. முத்திரை போட்ட தாளை வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். இரண்டாவது கடிதத்தை இந்த வாரம் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.