நாணயத் தொகுப்பை விற்போருக்கு விலைவாசி உயர்வின் மீதும் வரி

2025-26 நிதியாண்டில் தம் தொகுப்பிலிருந்து அரிய நாணயங்களை விற்றவர்கள், அந்த வரவை வருமான வரிப் படிவத்தில் காட்டுவதற்கான கெடு ஜூலை 31ஆம் தேதியுடன் முடிகிறது. கெடு நெருங்க நெருங்க இந்த நாளிதழுக்கு வரும் வாசகர் கடிதங்களில் நாணயச் சேகரிப்பாளர்களின் ஐயங்களும் பெருகியிருக்கின்றன. அவற்றுள் இரண்டு எண்ணங்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. தாமோ தம் தந்தையோ ஆசைக்காகச் சேர்த்த நாணயம் சொந்தப் பொருள்தானே, அதை விற்றால் வரி ஏன் என்பது முதல் எண்ணம். வரி விகிதம் 20 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால், வரி உண்டென்றாலும் முன்பைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது இரண்டாவது. முதலாவது சட்டத்தை அறியாததால் வந்த பிழை. இரண்டாவது அரசின் அறிவிப்பை அப்படியே ஏற்றுக்கொண்டதால் வந்த பிழை என்பதால், கூடுதல் விளக்கம் வேண்டுவதும் அதுவே.

முதல் ஐயத்துக்கான விடை அரை நூற்றாண்டுக்கு முன்பே தீர்மானமானது. உடுத்தும் துணி, வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் போன்ற சொந்தப் பயன்பாட்டுக்குரிய அசையும் பொருள்களை வருமான வரிச் சட்டம் ‘மூலதனச் சொத்து’ என்ற வகையிலிருந்து, அதாவது விற்கும்போது கிடைக்கும் ஆதாயத்துக்கு வரி கட்ட வேண்டிய உடைமைகளின் வகையிலிருந்து, விலக்கியிருக்கிறது. மகாலட்சுமி பூசையில் வைக்கப்பட்டு வந்த தங்க நாணயங்களும் வெள்ளி நாணயங்களும் வெள்ளிக் கட்டிகளும் தமக்குச் சொந்தப் பயன்பாட்டுப் பொருள்களே என்று மகாராஜா ராணா ஹேமந்த் சிங் வாதிட்ட வழக்கில், உரியவரின் வாழ்வோடு நெருங்கி வழக்கமாகப் பயன்படும் பொருளுக்கே அந்த விலக்கு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1976இல் கூறி, அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. பூசையில் வைத்த நாணயத்துக்கே கிட்டாத விலக்கை, ஆல்பத்தில் செருகி ஆண்டுக்கு ஓரிருமுறை எடுத்துப் பார்க்கும் நாணயத்துக்குக் கோருவது எளிதன்று.

விற்பவர் எல்லோரும் பணமுடையால் விற்கிறார்கள் என்று கருதவும் இடமில்லை. ஒரு நாணயத்தின் விலை, அதை வைத்திருக்கும் வீட்டின் மற்ற உடைமைகள் அனைத்தின் விலையையும் மிஞ்சிவிடும் நிலையில், அதைக் காப்பதே சுமையாகிவிடுகிறது. வங்கி லாக்கரில் வைத்தால் கவலையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ள பொருள் பறிபோனால், வங்கியின் பொறுப்பு அந்த லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கோடு நின்றுவிடுகிறது. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால், உள்ளே 30 லட்சம் ரூபாய் பெறும் மொகலாயத் தங்க மோகர் இருந்தாலும் இழப்பீட்டின் உச்சவரம்பு 3 லட்சம் ரூபாய்தான். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களில், வங்கியின் அலட்சியம் காரணமாக இல்லாதவரை, அதுவும் இல்லை. ஆகவே தொகுப்பின் தலையாய நாணயத்தைப் பிரிய மனமில்லாமலே பிரியும் முடிவுக்குப் பல குடும்பங்கள் வந்து சேர்கின்றன. வரிக் கணக்கு குறுக்கிடுவதும் அந்த இடத்தில்தான்.

விகிதம் குறைந்தது, வரி கூடியது

2024 ஜூலை 23 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கை, நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான வரியை எளிமைப்படுத்துவதாக அறிவித்தது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த நாணயத்தை விற்றுக் கிடைக்கும் ஆதாயம் இப்போது நீண்டகால ஆதாயம் எனப்படும், அதற்கு 12.5 விழுக்காடு வரி. அந்த நாளுக்கு முன்பு இதற்கு 36 மாதங்களும் 20 விழுக்காடும் இருந்தன. இதை மட்டும் பார்த்தால் சலுகையாகத் தோன்றும். ஆனால் அதே அறிவிப்பு, இண்டெக்ஸேஷன் என்று வரித் துறையில் வழங்கும் குறியீட்டுச் சரிக்கட்டலை நீக்கிவிட்டது. எளிமை என்று அரசு அழைத்ததன் பெரும்பகுதி இந்த நீக்கமே.

குறியீட்டுச் சரிக்கட்டல் என்பது, விலைவாசி ஏறியதால் மட்டும் ஏறிய விலையை ஆதாயமாகக் கருதாமல் கழித்துவிடும் முறை. இதற்காக அரசு ஆண்டுதோறும் ‘செலவுப் பணவீக்கக் குறியீடு’ ஒன்றை அறிவிக்கிறது. 2001-02இல் 100 என்று தொடங்கிய அது 2015-16இல் 254 ஆகவும் 2025-26இல் 376 ஆகவும் உயர்ந்திருக்கிறது. 2001இல் ஒரு லட்சம் ரூபாய் பெற்ற நாணயத்தின் அடக்கவிலை, பழைய முறைப்படி 2025-26இல் 3.76 லட்சம் ரூபாயாகக் கொள்ளப்பட்டு, அதற்கு மேல் கிடைத்த தொகை மட்டுமே ஆதாயமாகியிருக்கும். இந்தக் குறியீடும் தாராளமானதன்று. நகர்ப்புற நுகர்வோர் விலை உயர்வில் 75 விழுக்காட்டை மட்டுமே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பணவீக்கத்தின் கால்பங்குக்குச் சேகரிப்பாளர் முன்பும் வரி கட்டினார். இப்போது முழுவதற்கும் கட்டுகிறார்.

இதன் விளைவு எண்களில் தெளிவாகிறது. 2001இல் ஒரு லட்சம் ரூபாய் மதிப்புடைய நாணயம் இன்று 3.76 லட்சத்துக்கு விற்கப்பட்டால், குறியீட்டின்படி அதை விற்றவருக்கு உண்மையான ஆதாயம் எதுவுமில்லை. பழைய முறையில் வரியும் இல்லை. புதிய முறையிலோ 2.76 லட்சம் ஆதாயமாகக் கொள்ளப்பட்டு 34,500 ரூபாய் வரி விழுகிறது. அதே நாணயம் 5 லட்சத்துக்கு விற்றால் பழைய முறையில் வரி 24,800 ரூபாய், புதிய முறையில் 50,000 ரூபாய். 8.36 லட்சத்துக்கு விற்றால் இரண்டிலும் 92,000 ரூபாய். 12 லட்சத்துக்கு விற்றால் பழைய முறையில் 1,64,800 ரூபாயாக இருந்திருக்கும் வரி, புதிய முறையில் 1,37,500 ரூபாயாகக் குறைகிறது. இவற்றின் மேல் 4 விழுக்காடு மேல்வரி தனி. சுருங்கச் சொன்னால், 2001லிருந்து எட்டு மடங்குக்கும் மேல், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 9 விழுக்காட்டுக்கும் மேல், விலை ஏறிய நாணயத்துக்கே புதிய முறை சலுகை. அதற்குக் கீழே நின்ற எல்லா நாணயங்களுக்கும் அது கூடுதல் சுமை. 2015-16இல் வாங்கிய நாணயத்துக்கு அந்தச் சமநிலைப் புள்ளி வாங்கிய விலையைப் போலச் சுமார் 2.28 மடங்கு.

எந்த நாணயங்கள் இந்தக் கோட்டைத் தாண்டுகின்றன என்று பார்த்தால் இந்த முறையின் இன்னொரு குறை வெளிப்படுகிறது. 2001இல் 10 கிராம் தங்கம் சுமார் 4,300 ரூபாய்க்கு விற்றது; 2025இல் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆகவே எந்த விக்டோரியா சவரனும், அரிதோ அரிதில்லையோ, தன் உலோக எடையாலேயே எட்டு மடங்கை எளிதில் கடந்துவிடுகிறது. இதற்கு மாறாக, உலோகத்துக்குப் பெறுமானமில்லாத சங்ககாலச் செப்புக் காசோ, சாதவாகனரின் ஈயக் காசோ, நாயக்கர் காலச் செப்புக் காசோ தன் விலையை முழுவதும் அரிய தன்மையிலிருந்தும் வரலாற்றுச் செய்தியிலிருந்துமே பெறுகிறது. அதன் சந்தை சிறியது, வாங்குவோர் சிலர், விலை ஏற்றமும் மெதுவானது. உருக்கினாலும் விலைபோகும் நாணயத்துக்கு வரியைக் குறைத்து, படித்தால் மட்டுமே பொருள் தரும் நாணயத்துக்கு வரியைக் கூட்டும் ஏற்பாடு, அரசு எண்ணிச் செய்ததாக இல்லாவிட்டாலும், தொகுப்பாளரைத் தவறான திசையில் தள்ளுகிறது.

பெரும்பாலானோருக்குப் புதிய முறையே நன்மை தரும் என்று அரசுத் தரப்பில் அப்போது சொல்லப்பட்டது. அந்தக் கூற்றை எடைபோட அரசின் அடுத்த செயலே போதுமானது: எதிர்ப்பு எழுந்ததும், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களும் இந்துக் கூட்டுக் குடும்பங்களும் பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டில் எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம் என்று ஆகஸ்டிலேயே திருத்தம் கொண்டுவரப்பட்டது. எல்லோருக்கும் நன்மை என்றால் அந்தத் தெரிவுக்கு அவசியமே இருந்திருக்காது. வீட்டுமனைக்குப் பொருந்தும் நியாயம் நாற்பது ஆண்டுகளாகக் கட்டிக்காத்த நாணயத் தொகுப்புக்குப் பொருந்தாததற்கு அரசு விளக்கம் எதுவும் தரவில்லை. எண்ணிக்கையில் சிறிய சேகரிப்பாளர் கூட்டத்துக்கு அதைக் கேட்டு வாங்கும் குரல் இல்லை என்பதைத் தவிர வேறு காரணமும் தெரியவில்லை. குறியீட்டைத் தெரிவுசெய்யும் உரிமையைத் தொல்பொருள் சார்ந்த தொகுப்புகளுக்கும் நீட்டிப்பது அரசின் வருவாயை அசைக்காது. தொகுப்புகளைச் சிதறாமல் காக்கும்.

2001ஆம் ஆண்டின் மதிப்பை யார் சொல்வது?

மேலே கண்ட கணக்குகள் அனைத்தும் ஒரு தொகையை நம்பி நிற்கின்றன. 2001 ஏப்ரல் 1க்கு முன் தொகுப்பில் சேர்ந்த நாணயத்துக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக அந்த நாளில் அதற்கிருந்த நியாயச் சந்தை மதிப்பை, அதாவது விரும்பி விற்பவருக்கும் விரும்பி வாங்குபவருக்கும் இடையே அன்று படிந்திருக்கக்கூடிய விலையை, அடக்கமாகக் கொள்ளலாம். தங்கத்துக்கு அந்த நாளின் விலையைச் சொல்ல எவராலும் முடியும். ஆனால் நாணயத்தின் விலை அதன் தேய்மானம், அச்சகக் குறி, ஆண்டு, வகை ஆகியவற்றால் மாறுவது. ஒரே ஆண்டின் ஒரே ரூபாய்க்கும் இரு பிரதிகளுக்கிடையே பல மடங்கு வேறுபாடு வரும். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, அந்தக் காலத்து ஏலப் பட்டியல்கள், நாணயத்தின் இருபக்க ஒளிப்படம், எடை ஆகியவற்றை வைத்தே அந்த மதிப்பை நிலைநாட்ட வேண்டும். வரி அலுவலர் அதை ஏற்க மறுத்துத் துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பும் அதிகாரமும் சட்டத்தில் உண்டு. இவை எதுவும் இல்லாதவரின் அடக்கவிலை மிகக் குறைவாகக் கொள்ளப்பட்டு, கிடைத்த தொகை முழுவதுமே ஏறத்தாழ ஆதாயமாகிவிடும் இடர் இருக்கிறது. விற்கும் எண்ணமே இல்லாதவரும் இன்றே தொகுப்பைப் பதிவேட்டில் ஏற்றி வைப்பதே, பின்னால் அதைப் பெறும் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி.

அருங்காட்சியகம் என்னும் வழி

அதிகம் பேசப்படாத ஒரு விதி சேகரிப்பாளருக்கு முழுமையான விலக்கு தருகிறது. தொல்லியல், அறிவியல் அல்லது கலைத் தொகுப்பை அரசுக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ, தேசிய அருங்காட்சியகத்துக்கோ, அரசிதழில் அறிவிக்கப்பட்ட பிற பொது அருங்காட்சியகத்துக்கோ கைமாற்றினால், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி அது கைமாற்றமாகவே கருதப்படுவதில்லை. கொடையாகத் தந்தால்தான் என்ற நிபந்தனை இல்லை. விலைபெற்றுக் கொடுத்தாலும் மூலதன ஆதாய வரி எழாது. விதி ‘தொகுப்பு’ என்ற சொல்லை ஆள்வதால், ஒற்றை நாணயத்தை விற்பவரைவிட, ஒரு மரபையோ ஒரு வட்டாரத்தையோ முழுமையாகக் காட்டும் தொகுப்பை ஒப்படைப்பவரின் கோரிக்கையே வலுவானது. ஏலத்தில் கிடைக்கக்கூடிய விலையை அருங்காட்சியகம் தராமல் போகலாம். ஆனாலும் வரியைக் கழித்தபின் இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்காமல் தொகுப்பை உடைப்பது சரியன்று.

பிற கேள்விகள்

நூறாண்டு கடந்த நாணயத்தை விற்கலாமா? உள்நாட்டில் விற்கலாம்; ஆனால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி அது ‘தொல்பொருள்’ என்பதால் தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம், ஆண்டுதோறும் அந்தக் கோடு ஓராண்டு முன்னகர்வதால் 1926இல் அச்சான நாணயமும் இப்போது அதற்குள் வந்துவிட்டது.

அவற்றைப் பதிவு செய்ய வேண்டுமா? சிற்பம், ஓவியம் போன்றவற்றைப் போல நாணயங்கள் கட்டாயப் பதிவுக்குரிய பட்டியலில் இல்லை.

நிலத்தில் கிடைத்த காசு? 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் அதை விற்கும் பேச்சுக்கே இடமில்லை.

தந்தைவழி வந்த நாணயம்? அவர் வைத்திருந்த காலமும் அவருக்கான அடக்கவிலையும் வாரிசுக்கும் பொருந்தும்.

24 மாதங்களுக்குள் விற்றால்? ஆதாயம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வழக்கமான வரி அடுக்கில் வரும்.

அடிக்கடி வாங்கி விற்பவர்? அவருடைய ஆதாயம் தொழில் வருமானமாகக் கொள்ளப்படலாம், அப்போது 12.5 விழுக்காடு பொருந்தாது.

ரொக்கமாக வாங்கலாமா? ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே தண்டம் விதிக்கப்படலாம்.

விற்ற பணத்தில் வீடு வாங்கினால்? 54எஃப் பிரிவின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்கு உண்டு.

எந்தப் படிவம்? தொழில் வருமானம் இல்லாதவருக்கு ஐடிஆர்-2.

2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம்? அது 2026 ஏப்ரல் 1 முதல் எழும் வருமானத்துக்கு. இந்தப் படிவத்துக்குப் பழைய சட்டமே.

நட்டத்துக்கு விற்றிருந்தால்? நீண்டகால நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று நீண்டகால ஆதாயத்தில் கழிக்கலாம்.

கெடு தவறினால்? தாமதக் கட்டணத்துடன் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். ஆனால் நட்டத்தை எடுத்துச் செல்லும் உரிமை ஜூலை 31 இரவோடு போய்விடும்.