பெட்டியில்லாப் புதையல்

தன்னாமுனையில் மலை கிடையாது. ஒருபுறம் வாவி, மறுபுறம் கடலை நோக்கிய மணற்பாங்கான நிலம், ஊடே மட்டக்களப்பிலிருந்து ஏறாவூருக்குச் செல்லும் பெருந்தெரு. ஆயினும் மழை கழுவிவிட்ட காலைப்பொழுதுகளில் வாவிக்கரையில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு, வயலுக்கும் காட்டுக்கும் அப்பால், அடிவானத்தில் நீலக் குன்றுகள் சில மங்கலாய்த் தோன்றும். அத்திசையிற் பெயர்பெற்றது குடும்பிமலை. உயரம் 534 மீற்றர். நுவரெலியாவில் வாழ்பவர் கேட்டால் நகைப்பர். சமதரையிற் பிறந்து வளர்ந்த நமக்கோ அதுவே இமயம்.

அம்மலைக்கு ஏறிப்போக வேண்டுமென்று என்னை இழுத்தவன் என் தமக்கை மகன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். மலையுச்சியிலிருந்து காட்சி காண்பது மட்டும் அவன் நோக்கமன்று. கையில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி வைத்திருந்தான். உள்ளே ஒரு சிறு குறிப்பேடு, ஒரு பென்சில், இரண்டொரு விளையாட்டுப் பொருள்கள். "இதை மலையில் ஒளித்துவைக்கப் போகிறேன், மாமா. உலகத்தில் எவரும் வந்து தேடி எடுக்கலாம்" என்றான்.

இவ்விளையாட்டு அந்நாடுகளில் வெகு பிரசித்தம். செய்மதிகள் அனுப்பும் வானொலி அலைகள் எத்துணை நேரத்தில் வந்து சேர்ந்தன என்பதை அளந்து, நான்கு செய்மதிகளேனும் கிடைத்தால், கைக்கருவி தான் இருக்குமிடத்தைக் கணித்துவிடும். நேரத்தை அளப்பதில் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் 300 மீற்றர் தள்ளிப்போய்விடும், அவ்வளவு நுட்பம். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கெனச் செய்மதிக் குறிகளில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதற்கு மறுநாளே, மே 3ஆந் திகதி, ஒறிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் வைத்து, அதன் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் வெளியிட்டார். எடுத்துக்கொள்பவர் ஏதேனும் ஒன்றை வைத்துவிட்டுப் போகவேண்டும். குறிப்பேட்டிற் பெயர் எழுதவேண்டும். விதி இவ்வளவே. இன்று பாகையின் கலையை ஆயிரமாகப் பகுத்து இடங் குறிக்கின்றனர். அதில் ஒரு கூறு ஏறத்தாழ 1.85 மீற்றர்.

புதுமை என்று வியக்க வேண்டியதில்லை. 1854இல் ஜேம்ஸ் பெரற் என்ற வழிகாட்டி, இங்கிலாந்தின் டாட்மூர் மேட்டுநிலத்தில், வந்துபோவோர் தம் பெயர்ச்சீட்டை இடுவதற்கு ஒரு போத்தலை வைத்தார். அதற்கும் முன்னர், 1802இல், லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, குன்றுக்குக் குன்று கோணம் பார்த்து இந்தியாவை அளக்கப் புறப்பட்டார். இலங்கையின் முக்கோண அளவைக்கும் நீர்கொழும்புப் பக்கத்தில் ஓர் அடிக்கோடும் நம் மட்டக்களப்பில் ஓர் அடிக்கோடும் அமைந்தன. மலையுச்சியிற் போய் நின்று 'நான் எங்கிருக்கிறேன்' என்று கேட்பது பழைய தொழில்தான். நம் மாணாக்கர் புவியியற் பாடத்தில் அகலாங்கு, நெட்டாங்கு என்று மனனம் செய்து மறந்துவிடும் சொற்களுக்கு இவ்விளையாட்டுக் காலும் வியர்வையும் கொடுக்கிறது. அதனாலேயே நானும் உடன்பட்டேன்.

ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி கடந்து கிரானில் மேற்கே திரும்பினோம். மாரியில் வெள்ளம் மேவினால் கிரானுக்கு அப்பாலுள்ள ஊர்கள் தோணியை நம்பவேண்டியவை. நாங்கள் போனது கோடை. புலிபாய்ந்தகல் தாண்டியபின் வயல் குறைந்து பற்றைக்காடு மிகுந்தது. மாடுகளை மறித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தி, போகுமிடம் விசாரித்தார். மருமகன் பெட்டியைக் காட்டி ஆவலோடு விளக்கினான். பெரியவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"காட்டுக்குள்ள கிடக்கிற சாமானத் தொடாதே எண்டுதான் நம்மட புள்ளைகளுக்குப் படிப்பிச்ச நாங்க. நீங்க தேடி எடு எண்டு சொல்லப் போறீங்களா, தம்பி?"

அவன் முகம் மாறியது. அவன் பிறந்தது ரொறன்ரோவில். பாடசாலைச் சுவரில் மிதிவெடிப் படங்களைப் பார்த்து வளர்ந்தவனல்லன். குடும்பிமலைப் பகுதி நெடுங்காலம் போர்க்களம். 2007 யூலை 11ஆந் திகதி இராணுவம் அதனைக் கைப்பற்றிய செய்தி உலகெங்கும் போயிற்று. பின்னர் ஆண்டுக்கணக்காக வெடி அகற்றினார்கள். 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றதென அறிவிக்கப்பட்டது. மண்ணைத் துப்புரவாக்க ஆண்டுகள் போதும். தொடாதே என்று பழகிய கைக்குத் தேடு என்று சொல்ல எத்தனை ஆண்டு வேண்டும்? அமைதி குலையாத இங்கிலாந்திலேயே, 2011இல், வெதர்பி நகரில் ஒளித்துவைத்த இத்தகைய பெட்டியொன்றைக் குண்டென்றஞ்சிப் படையினர் வந்து வெடித்தழித்தனர். இங்கே அச்சம் தவறென்று எவன் சொல்வான்?

ஆகவே பெட்டி வேண்டாமென்றேன். "பெட்டி இல்லாமல் யார் வருவார்கள், மாமா?" என்றான். நியாயமான கேள்வி. விடையை அவனே வழியிற் கண்டுபிடித்தான். இதே விளையாட்டில் 2004 முதல் பெட்டியில்லாத வகையொன்றும் உண்டாம். குறித்த இடத்துக்கு வந்து, அந்நிலத்தைப் பார்த்தால்தான் விடை தெரியக்கூடிய கேள்விகளுக்குப் பதில் அனுப்பவேண்டும். அமெரிக்கப் புவிச்சரிதவியற் சங்கம் தொடங்கிவைத்த முறை அது.

நமக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் துணிபு. மலையேறிக்கொண்டே கேள்விகளைத் தேடினோம். சுற்றிலும் நிலம் தட்டையாய்க் கிடக்க இந்தக் கல் மட்டும் ஏன் நிமிர்ந்து நிற்கிறது? கிழக்கிலங்கையின் அடிப்பாறை விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையும் வெயிலும் அரித்ததில் இளகிய பகுதி சமவெளியாயிற்று. இறுகிய பகுதி எஞ்சுகுன்றாய் நின்றது. இதனை வகுப்பறையிற் சொன்னால் ஒரு வரி. சூடேறிய பாறையிற் கைவைத்து, ஓடு ஓடாகக் கழன்றிருக்கும் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தவன் மறக்கமாட்டான்.

இன்னொரு கேள்வி பெயரைப் பற்றியது. தமிழர் கண்ணுக்கு இது குடும்பி. சிங்களத்தில் தொப்பிகல, தொப்பிக் கல் என்பது பொருள். ஆங்கிலேயர் பிரபுவின் தொப்பியென எழுதிவைத்தனர். மூவரும் ஒரு தலையைத்தான் கண்டிருக்கிறார்கள். அதன்மேல் இருந்தது எது என்பதில்தான் வேறுபாடு. போர்க்காலத்தில் எந்தப் பெயரைச் சொல்கிறான் என்பதைக் கொண்டே ஒருவனை எடைபோட்டார்கள். மருமகனுக்கு அக்கதை தெரியாது. அவன் எளிதாகக் கேட்டான்: "எந்தத் திசையிலிருந்து பார்த்தால் குடும்பி, எந்தத் திசையிலிருந்து பார்த்தால் தொப்பி?" அரசியலார் பலர் பேசியும் எழாத கேள்வி! மலையை ஒருமுறை சுற்றிவராமல் அதற்கு விடை எழுத முடியாது. அதனையே முதற் கேள்வியாக வைத்தோம்.

மேலே ஏறியபின் கண்ணுக்கெட்டிய தூரம் காடு. இடையிடையே குளங்கள் பளிச்சிட்டன. கிழக்கே வெள்ளி இழைபோல் ஒரு நீர்க்கோடு. வாவியா கடலா என்று இருவருக்கும் வாதம். தன்னாமுனை எங்கே என்று கருவியில் திசை பார்த்தான்; கண்ணுக்கு அகப்படவில்லை. குறிப்பேட்டை வெளியே எடுத்து அகலாங்கையும் நெட்டாங்கையும் கேள்விகளையும் எழுதிக்கொண்டான். வெறுமையான பெட்டியில், இறங்கும் வழியில் பிறர் வீசிச் சென்ற பிளாஸ்ரிக் போத்தல் மூடிகளைப் பொறுக்கி நிரப்பினோம். பெரியவரை மீண்டும் காணவில்லை. பட்டி வேறு பக்கம் போயிருந்தது.