கடை உடைப்பும் கண்ட சாட்சியும்

நான் பத்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த காலத்தில், கல்குடா வீதியில் இருந்த என் மாமாவின் சாப்பாட்டுக் கடையை ஓர் இரவு உடைத்துவிட்டார்கள். பின்பக்கத் தகரத்தை நெம்பி உள்ளே போயிருந்தார்கள். லாச்சிக்குள் கிடந்த சில்லறை, ரீலோட் காட் கட்டு, ஒரு காஸ் சிலிண்டர், பெரிய அலுமினியச் சட்டி ஒன்று, இவ்வளவும் போயிருந்தன. முந்திய கிழமை அதே வீதியில் ஒரு தேத்தண்ணீர்க் கடை உடைபட்டிருந்தது. பிந்திய கிழமை பாசிக்குடாப் பக்கம், உல்லாசப் பயணிகள் வந்துபோகும் ஓர் உணவகம். மூன்றாவது கடை உடைபட்ட அன்று பின்னேரமே, செய்தது யார் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. மாமாவின் கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்து, சம்பளத் தகராற்றில் வேலையை விட்டுப்போன ஒரு வெளியூர்ப் பொடியன்தான் அவர்.

அவரைப் பிடித்தபோது பைக்குள் சில்லறைக் காசு நிறைய இருந்ததாம். போதாததற்கு, கண்ணால் கண்ட சாட்சியும் ஒன்று இருந்தது.

அந்தச் சாட்சி நான்தான்.

மாமாவின் கடை உடைபட்ட அன்று சுபஹுக்கு எழும்பி யன்னலைத் திறந்தேன். கடையின் ஓரமாக ஒருவர் நடந்து போவதைக் கண்டேன். மாமா பதறியடித்து வந்து, "ஆரையும் கண்டியா மகள்?" என்று கேட்டபோது, ஓர் ஆள் போனதைக் கண்டதாகச் சொன்னேன். "நீலச் சேட்டா? அவன்ட நீலச் சேட்டுத்தானே?" என்றார். "ஓம் மாமா" என்றேன். அந்த ஒரு "ஓம்" எங்கெல்லாம் போனது என்பதைப் பல வருடம் கழித்து, சட்டம் படிக்கப் போன பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

கடை உடைத்த வழக்கு என்றால் நம்மில் பலர் நினைப்பது, "இவன் கள்ளனா இல்லையா" என்று நீதவான் பார்ப்பார் என்பதுதான். அப்படியல்ல. ஒருவருடைய குணத்தை விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை. இந்த இரவில், இந்தக் கட்டடத்துக்குள், இந்த நோக்கத்தோடு, இந்த ஆள் போனாரா என்பது மட்டுமே கேள்வி. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையே இன்றும் நமது அடிப்படைச் சட்டம். அதில் "வீடு" என்ற சொல்லுக்குள் மனிதர் வசிக்கும் இடம் மட்டுமல்ல, தொழுமிடமும், பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடமும் அடங்கும். ஆகவே இரவில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் சாப்பாட்டுக் கடையும் சட்டத்தின் கண்ணுக்கு வீடுதான். பூட்டை உடைத்தால்தான் வீடுடைத்தல் என்பதும் பிழை. மனிதர் நுழைவதற்கென்று வைக்கப்படாத வழியால் நுழைந்தாலும் அது வீடுடைத்தலே. முழு உடம்பும் உள்ளே போகவேண்டும் என்றுகூட இல்லை. உடம்பின் ஒரு பாகம் போனால் போதும். இரவில் செய்தால் குற்றம் கூடுதல் பாரதூரமாகும்.

மூன்று கடைகள் என்று வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நமது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பன்னிரண்டு மாதத்துக்குள் நடந்த ஒரே வகைக் குற்றங்களில் மூன்று வரை ஒரே வழக்கில் சேர்த்து விசாரிக்க இடம் தருகிறது. அதனால் மூன்று குற்றமும் ஒன்றாகிவிடாது. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிக் குற்றச்சாட்டு, தனித்தனி நிரூபணம். தேத்தண்ணீர்க் கடையை உடைத்தவர்தானே மாமாவின் கடையையும் உடைத்திருப்பார் என்று ஊர் பேசலாம். நீதவான் அப்படிப் பேச முடியாது. எதிரியின் கெட்ட நடத்தை, முன்பு செய்த களவு என்பவற்றைச் சாதாரணமாக அவருக்கு எதிரான சான்றாகக் காட்டவும் முடியாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. எதிரி தன்னை நல்லவர் என்று நிரூபிக்க வெளிக்கிட்டால்தான் அந்தக் கதவு திறக்கும்.

"பொலிஸில ஒத்துக்கிட்டானாமே" என்பது அடுத்த பேச்சு. பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலை வழக்கில் நிரூபிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 27ஆம் பிரிவில் ஒரு சிறிய வாசல் உண்டு. எதிரி சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாகக் காரணமான சொற்களை மட்டும் நீதிமன்றத்தில் சொல்லலாம். "நான் கடையை உடைத்து எடுத்த சிலிண்டரைப் பற்றைக்குள் ஒளித்து வைத்தேன்" என்று ஒருவர் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரும் பற்றைக்குள் கிடைக்கிறது. அந்த வசனத்தில் கடையை உடைத்த கதை நீதிமன்றத்துக்குள் வராது. சிலிண்டர் பற்றைக்குள் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும்தான் வரும். தெரிந்திருப்பது வேறு, எடுத்திருப்பது வேறு. முதன்முதலில் இதைப் படித்தபோது சட்டம் கள்ளனுக்குப் பக்கப்பாட்டுப் பாடுகிறதே என்று எரிச்சல் வந்தது. அடித்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்பதை நினைத்தபோது அந்த எரிச்சல் அடங்கியது.

சில்லறைக் காசுக்கு வருகிறேன். களவு நடந்து சொற்ப நேரத்தில் களவுப் பொருளை வைத்திருப்பவர், அது எப்படி வந்தது என்று விளக்கம் சொல்லாவிட்டால், அவரே எடுத்தவர் அல்லது களவென்று தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். இது 114ஆம் பிரிவு. அந்தப் பிரிவே தன் ஊகத்துக்குத் தானே ஒரு மறுபக்கத்தையும் காட்டுகிறது. அடையாளம் இடப்பட்ட ஒரு ரூபாய் களவுபோன சற்று நேரத்தில் ஒரு கடைக்காரரின் பெட்டிக்குள் இருக்கிறது. அது எப்படி வந்ததென்று அவரால் குறிப்பாகச் சொல்ல முடியாது. ஆனால் வியாபாரத்தில் நாள் முழுக்க ரூபாய்கள் அவர் கைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கவேண்டும் என்கிறது சட்டம். காசுக்கு முகம் இல்லை. மாமாவின் லாச்சியில் இருந்த பத்து ரூபாய்க் குற்றியும் வாழைச்சேனை பஸ்ஸில் மிச்சமாகக் கிடைத்த பத்து ரூபாய்க் குற்றியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இரண்டாம் வருடத்தில் எங்கள் விரிவுரையாளர் வாசிக்கத் தந்த ஒரு வழக்கில் இதே சில்லறைக் காசும், இதே விடியற்காலைச் சாட்சியும் வந்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. அது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்த வழக்கு. பனாமா சிற்றி என்ற ஊரில் பே ஹாபர் என்ற விளையாட்டுக் கூடம். பில்லியட்ஸ் விளையாடி, குடிக்கவும் வாங்கிக்கொள்ளும் சிறிய இடம். 1961 ஜூன் 3ஆம் திகதி விடியற்காலையில் அது உடைக்கப்பட்டது. சிகரட் இயந்திரத்திலும் பாட்டுப் பெட்டியிலும் இருந்த சில்லறையும், சில போத்தல்களும் காணாமற் போயின. காலை ஐந்தரை மணியளவில் யன்னல் வழியாகக் கூடத்துக்குள் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். கிடியன் கைதானபோது அவருடைய பைகளில் சில்லறை இருந்தது. முன்பு களவுக்காகச் சிறைக்குப் போனவர், கையில் காசில்லாதவர், ஐம்பது வயதுக்காரர். யார் நம்புவார்கள்?

நீதிமன்றத்தில் அவர் தனக்கு ஒரு சட்டத்தரணி வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குக்கு மட்டுமே அரசு சட்டத்தரணியை நியமிக்கும், அதுதான் புளோரிடாவின் சட்டம் என்று நீதிபதி மறுத்தார். கிடியன் தானே எழும்பி நின்று சாட்சிகளைக் கேள்வி கேட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவருக்கு எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று எப்படித் தெரியும்? ஐந்து வருடச் சிறை கிடைத்தது. சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். அந்த நீதிமன்றம் அவருக்காக வாதாட ஏப் போர்டாஸ் என்ற பெரிய சட்டத்தரணியை நியமித்தது. 1963 மார்ச் 18ஆம் திகதி, ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து, பாரதூரமான குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்குச் சட்டத்தரணியை அரசு கொடுத்தேயாக வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள்.

பாடப்புத்தகங்கள் கதையை அங்கே நிறுத்திவிடுகின்றன. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். தீர்ப்பினால் கிடியன் விடுதலையாகவில்லை. மறு விசாரணைதான் கிடைத்தது. அதே ஊர், அதே நீதிபதி, அதே சாட்சிகள். இம்முறை பிரெட் டர்னர் என்ற உள்ளூர்ச் சட்டத்தரணி பக்கத்தில் இருந்தார். யன்னலால் கண்டவரை அவர் விடவில்லை. இரவு முழுக்க வெளியூர் போய் வந்தவர், தன் வீட்டடியில் இறங்காமல் அந்தக் கூடத்தருகே இறங்கியது ஏன் என்று துருவினார். கூடத்தை உடைத்தவர்களுக்குக் காவல் நின்றவர் அந்தச் சாட்சியாகவும் இருக்கலாமே என்ற சந்தேகத்தை யூரர்களின் மனதில் போட்டார்.

பிறகு டாக்சிச் சாரதி வந்தார். அன்று காலையில் கிடியனை ஏற்றிச் சென்றவர் அவர். தன்னை ஏற்றியதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கிடியன் கேட்டுக்கொண்டதாக அவர் சொல்லியிருந்தார். கேட்ட எவருக்கும் அது கள்ளனின் பேச்சாகத்தான் படும். டர்னர் கேட்டது ஒரே ஒரு சிறிய கேள்வி: முன்பும் அப்படிச் சொல்லியிருக்கிறாரா? எப்போதும் அப்படித்தான் சொல்வார், வீட்டில் மனைவியோடு அவருக்குப் பிரச்சினை என்று விடை வந்தது. டாக்சியில் ஏறும்போது கிடியனின் கையில் போத்தல் ஒன்றும் இருக்கவில்லை என்பதும் தெரியவந்தது. 1963 ஆகஸ்ட் 5ஆம் திகதி, ஒரு மணித்தியால அளவு ஆலோசித்த யூரர்கள் அவர் குற்றவாளி அல்ல என்றார்கள். ஒரு குறுக்கு விசாரணை இல்லாததால் அந்த மனிதர் இரண்டு வருடத்தைச் சிறையில் விட்டிருந்தார்.

நமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றம் சாட்டப்பட்டவர் தானாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நியாயமான விசாரணையில் தன் பக்கத்தைச் சொல்ல உரிமை தருகிறது. குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை சுற்றவாளி என்று எண்ணப்படவேண்டும் என்பதும் அதே உறுப்புரையில்தான் இருக்கிறது. மேல் நீதிமன்ற வழக்கென்றால் வசதியற்ற எதிரிக்கு அரச செலவில் சட்டத்தரணி ஒதுக்கப்படுவார். கடை உடைப்பு வழக்குகள் பெரும்பாலும் நீதவான் நீதிமன்றத்திலேயே முடிகின்றன. அங்கே காசில்லாதவர், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று விளக்கமறியலில் இருக்கும் ஒரு ரொட்டிக் கடைப் பொடியனுக்கு யார் சொல்வது? மாமாவின் வழக்கில் முதல் இரண்டு தவணையும் அவர் தனியாகத்தான் கூண்டில் நின்றார். மூன்றாம் தவணையில், வேறு வழக்குக்கு வந்திருந்த ஒரு சட்டத்தரணி காசு வாங்காமல் எழும்பிப் பிணை கேட்டாராம்.

விசாரணையில் மாமா சாட்சி சொன்னார். காணாமற்போன சட்டி ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்திருந்தது. அடியில் இருந்த நெளிவை வைத்து அது தன்னுடையது என்று மாமா அடையாளம் காட்டினார். விற்றது யார் என்று கடைக்காரருக்கு நினைவில்லை. பாசிக்குடா உணவகத்தின் சீசீரீவியில் பதிவான உருவம் முகத்தைத் துணியால் மூடியிருந்தது. (இப்படியான பதிவைச் சான்றாக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. விசாரணைக்கு 45 நாளைக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவிக்கவேண்டும். கமெரா பூட்டும் கடைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது.) எஞ்சியிருந்தது நீலச் சேட்டு. "என் மருமகள் கண்டவள்" என்று மாமா தொடங்கியதுமே சட்டத்தரணி தடுத்துவிட்டார். கண்டவர் வந்து தானே சொல்லவேண்டும், கேட்டவர் சொல்வது சான்றாகாது. என்னை அனுப்ப உம்மா சம்மதிக்கவில்லை. "பொம்புளப் புள்ளய கோட்டுல ஏத்தமாட்டன்" என்று ஒரே பிடியாக நின்றா. அன்று எனக்கு உம்மா மீது கோபம்.

எதிரி விடுவிக்கப்பட்டார். 1960களில் ராணி எதிர் சுமணசேன வழக்கில் நமது நீதிமன்றம் சொன்னது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சந்தேகத்துக்குரிய விடயங்கள் எத்தனை சேர்ந்தாலும், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத்தொடுநரை விட்டு நீங்காது. மூன்று கடைகளையும் உடைத்தது யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பொடியன் ஊரைவிட்டே போய்விட்டார். மாமாவிடம் கேட்டால் இப்போதும், "அவன்தான் புள்ள, ஆனா சட்டம் விட்டுட்டு" என்பார். நான் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீதானே கண்டாய்" என்றார்.

போன விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, ஒரு நாள் சுபஹ் நேரத்தில் அதே யன்னலைத் திறந்துகொண்டு நின்றேன். மாமாவின் கடைக்கும் யன்னலுக்கும் இடையில் வீதியும், வேலியும், ஒரு முருங்கை மரமும் இருக்கின்றன. தெருவிளக்கு கடைக்கு மற்றப் பக்கத்தில். பள்ளிக்குப் போகும் ஒருவர் கடையைக் கடந்து போனார். சேட்டு நீலமா, கறுப்பா, பச்சையா என்று உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. அவர் திரும்பி வரும்போது நன்றாக விடிந்திருந்தது. அவர் போட்டிருந்தது சாம்பல் நிறச் சேட்டு. அவர் என் சாச்சா.